இட்டேரியில் வரும் காத்து

மாப்ள, நீ போன்ல அனுப்புன போட்டோ வந்துச்சு. கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவ பாத்தேன். இன்ஜினுக்குள்ள காத்து போற இன்டேக் போர்ட்டு என்னமா மின்னுது! உன்ர அத்தை எட்டிப் பாத்துட்டு, "மருமகன் கலிபோர்னியாவுல வெள்ளிச் சொம்பு வாங்கியிருக்குதாட்ட"ங்கறா. ஒரு மாசம் ராத்திரி ராத்திரி எமரித்தாள் போட்டுத் தேச்சயாமா. பாவம், கம்ப்யூட்டரத் தட்டற வெரலு. கெடக்கட்டும், வத்திப்போன எல் மிராஜ் ஏரிப் பந்தயத்துல வண்டி ஓடலீன்னாலும் அதுல மொகம் பாத்து மீச வெட்டிக்கலாம்.

காத்து என்ன, பொண்ணு பாக்க வந்த ஒறம்பறையா, திண்ணை மின்னுதான்னு பாக்கறதுக்கு? அதுக்கு வேண்டியது தடம். இன்டேக்க ரொம்ப வழவழன்னு தேச்சா பெட்ரோல் துளி காத்தோட போகாம செவுத்துல ஒட்டி ஒழுகும். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தாத் தேவல.

உன்ர ஃபோர்டு வி8 ஃபிளாட்ஹெட்ட எடுத்துக்க. 1932-ல ஹென்றி ஃபோர்டு எட்டு சிலிண்டரையும் ஒரே வார்ப்புல ஊத்தி, குடியானவன் வாங்கற வெலைக்கு வித்தாரு. 221 கன அங்குலம், 65 குதிரை. அன்னைக்கு அது ராஜா. ஆனா வால்வு ஹெட்டுல தொங்கறதில்ல, சிலிண்டருக்குப் பக்கத்துல பிளாக்குக்குள்ளயே தலையத் தூக்கிக்கிட்டு நிக்குது. காத்து மேனிபோல்டுல இருந்து எறங்கி, போர்ட்டுக்குள்ள திரும்பி, வால்வ ஒட்டி மேல ஏறி, ஹெட்டுக்கு அடியில படுத்துக்கிட்டே நவுந்து, அப்பறம் சிலிண்டருக்குள்ள குப்புற உழுவோணும். இட்டேரில மாட்டு வண்டியத் திருப்பற கததான்.

நீ என்ன பண்ணீருக்கற? மேல மூணு ஸ்ட்ராம்பர்க் 97 கார்புரேட்டர வரிசையா நிறுத்தி வெச்சிருக்கற. பாக்கறதுக்கு மூணு மாப்பிள்ளத் தோழனாட்டம் நல்லாத்தான் இருக்குது. மேமடைய அகலமா வெட்டிப்போட்டு, கடைமடை அடைச்சுக் கெடக்கறதப் பாக்காம உட்டா வயலுக்குத் தண்ணி வருமா? உன்ர தாத்தன் இருந்திருந்தா மம்பட்டிக் காம்புலயே சொல்லிக் குடுத்திருப்பாரு.

கடைமடை எங்கன்னா, வால்வு சீட்டுக்குக் கீழ ஒரு வெரக்கடை. அங்கதான் காத்து வெடுக்குன்னு திரும்புது. அந்த முக்க உருட்டி உடு. வால்வு கைடு துருத்திக்கிட்டு நிக்கறதக் கொறை. வால்வுல இருந்து வெளிய வர்ற காத்துல பெரும்பங்கு சிலிண்டர் பக்கமாத்தான் போகும், அதனால அந்தப் பக்கத்துக்குத்தான் மொத மருவாதி.

வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவால பிளாக்கு மேல சரிவா ஒரு வாய்க்கா வெட்டுவாங்க, அங்கத்தப் பசங்க 'ரிலீவ்' பண்றதும்பாங்க. அத அரை அங்குலம் ஆழமா வெட்டலாமான்னு கேட்டிருக்கற. வெட்டு மாப்ள, தாராளமா வெட்டு. காத்து ஜம்முன்னு வரும். வந்த காத்த நசுக்கற எடந்தான் ரொம்பப் பெருசாயிரும். 1932 வண்டியில கம்ப்ரஷனே அஞ்சரைக்கு ஒண்ணுதான். வாய்க்கா ஆழமான அளவுக்கு அதுவும் எறங்கும். சேரி, ஹெட்டச் சீவிக் கம்ப்ரஷன ஏத்தலாம்னு போனயின்னா, கூரை வந்து வால்வு தலைமேல உக்காந்துக்கும், காத்து வர்ற சந்து அடைஞ்சுபோகும். கூரையத் தாழ்த்துனா விருந்தாளி குனிஞ்சு வரோணும், ஒசத்துனா அடுப்புச் சூடு நிக்காது. இந்த ரெண்டுக்கும் நடுவால பேரம் பேசறதுதான் ஃபிளாட்ஹெட்காரன் பொழப்பு.

அந்தப் பேரத்த நல்லாப் பேசுனது ஹார்லி கேஆர் பைக்குக்காரங்க. அமெரிக்கப் பந்தயத்துல மேல வால்வு வெச்ச வண்டின்னா 500 சிசி, பக்க வால்வுன்னா 750 சிசின்னு சலுகை இருந்துச்சு. சலுகைலதான் ஜெயிச்சாங்கன்னு மொணகறவன் மொணகட்டும். அவுங்க கம்ப்ரஷனக் கொஞ்சம் விட்டுக் குடுத்துக் காத்துக்குத் தடம் வாங்குனாங்க. 1968 டேட்டோனா 200-ல கால் ரேபார்ன் அந்தப் பழைய பக்க வால்வு வண்டியிலதான் மணிக்கு 100 மைலுக்கு மேல சராசரி ஓட்டி ஜெயிச்சான். அந்தப் பந்தயத்துல அதுக்கு முன்னால ஒருத்தனும் நூறத் தாண்டுனதில்ல.

இன்னொண்ணு. வெளிய போறவனுக்கு வழி உட்டயா? உன்ர பிளாக்குல எக்ஸாஸ்ட்டு சிலிண்டருக்கு நடுவால பூந்து, தண்ணியக் கொதிக்க வெச்சுட்டுத்தான் வெளிய போகுது. அதுலயும் ஒரு பக்கத்து நாலு சிலிண்டருக்கு மூணே ஓட்டை, நடுவால இருக்கற ரெண்டும் ஒரே வாசல்.

கிரைண்டர எடுக்கறதுக்கு மிந்தி ஒண்ணு கேட்டுக்க. நான் பட்டறையில எடுபிடியா இருந்தப்ப, பழைய வில்லீஸ் ஜீப்பு ஒண்ணு வந்துச்சு. அதுவும் பக்க வால்வுதான், 134 கன அங்குலம், 60 குதிரை. மேஸ்திரி சாப்பிடப் போன நேரம் பாத்து நான் போர்ட்ட அகலப்படுத்துனேன். பிளாக்கு செவுரு எவ்வளவு கனம், அதுக்கு அக்கட்டால என்ன இருக்குதுன்னு அன்னைக்குத் தெரியாது. தண்ணி இருந்துச்சு. வண்டி ஸ்டார்ட் ஆச்சு, சைலன்சர்ல இருந்து இட்லிச் சட்டியாட்டம் ஆவி. ஸ்பேனர் என்ர காதோரமாப் பறந்தது மட்டும் நல்லா ஞாபகம் இருக்குது.

அந்த ஜீப்புக் கம்பெனிக்காரனே கடைசியில என்ன பண்ணுனான்? ஹரிக்கேன்னு ஒரு இன்ஜின் உட்டான். அதே 134 கன அங்குலம்தான். எக்ஸாஸ்ட்டு வால்வ பிளாக்குலயே உட்டுட்டு, இன்டேக் வால்வ மட்டும் தூக்கி ஹெட்டுல வெச்சான். 60 குதிரை 70-ஐத் தாண்டிப் போச்சு. இன்ஜின் ஒசரமாயிட்டதால பானெட்டயும் ஒசத்த வேண்டியதாப் போச்சு. நம்மூர்ல மஹிந்திரா ஜீப்பு மூக்குத் தூக்கிக்கிட்டு ஓடுச்சே, அதுக்குக் காரணம் அதான். இதக் கேட்டுப்போட்டு நீயும் வால்வ மேல தூக்கக் கெளம்பீராத. அப்பறம் எதுக்கு ஃபிளாட்ஹெட் வாங்குன, பேசாம புதுக் காரே வாங்கியிருக்கலாமே.

நாளைக்கு வால்வக் கழட்டி, சீட்டுக்கு அடியில டார்ச்சு அடிச்சு ஒரு போட்டோ அனுப்பு. சீட்டுல இருந்து சிலிண்டருக்கு மசுரு கனத்துல விரிசல் ஓடுதான்னு பாக்கோணும், அந்த பிளாக்குக்கு அது பரம்பரை வியாதி. அதுவரைக்கும் கிரைண்டர உன்ர பொண்டாட்டிகிட்டக் குடுத்து ஒளிச்சு வெக்கச் சொல்லு. மின்னற போர்ட்டு போட்டோவ மட்டும் இனிமே அனுப்பாத. சொம்பு எந்தக் கூரியர்ல வருதுன்னு உன்ர அத்தை காலையில இருந்து மூணு தடவ கேட்டுட்டா.