பாதை போய்ப் பாலம் வந்த பிறகு

எண்பதுகளில் என் அம்மா மட்டக்களப்பு வாவியின் அக்கரையான படுவான்கரையில் ஆசிரியை. வீடு இந்தப் பக்கம், ஆரையம்பதியில். ஏழரை மணிப் பள்ளிக்கூடத்துக்கு அவர் ஆறு மணிக்கே மண்முனைத் துறையில் நிற்க வேண்டும். சைக்கிள்கள், நெல்மூட்டைகள், தயிர்ச் சட்டிகள், நாலைந்து ரீச்சர்மார் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவை வாவியில் மெல்ல நகரும். பிள்ளைகளின் கொப்பிகள் நனையாமல் இருக்க அம்மா அவற்றைப் பொலித்தீன் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொள்வார். அப்பா எதிர்த்திசையில் கல்லடிப் பாலம் தாண்டி, ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்த அரசாங்கக் கச்சேரிக்குப் போவார். அங்கே அவர் லிகிதர்.

இருவரும் வேலைக்குப் போன அந்த வீட்டில் நாங்கள் மூன்று பிள்ளைகளும் பசி அறியாமல் வளர்ந்தோம். அது அம்மாவின் கெட்டித்தனம் என்று ஊரார் சொல்வார்கள். கெட்டிக்காரிதான். ஆனால் எங்களை வளர்த்தது வளவு.

மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணமானால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். மூத்த மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் குசினிப் பக்கம் ஒதுங்கிக்கொள்வார்கள். அடுத்த மகளுக்கு அதே வளவில் இன்னொரு வீடு எழும்பும். குடி என்ற குலவழியும் தாய்வழியேதான் வரும். இங்கே இருந்த மரபுச் சட்டமான முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு செல்லுபடியாகாமல் போனது. வீடு மகளுக்கு என்ற வழக்கமோ அப்படியே நின்றது. காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் குடும்பங்களிலும் இதே வழக்கம்தான். அதனால் வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பக்கத்தில் மாமியார் அல்ல, பெற்ற தாயும் கூடப்பிறந்தவளும் இருந்தார்கள்.

தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது லீவு முடிந்து அம்மா வேலைக்குத் திரும்பினார். பத்து மணியளவில் தம்பி அழத் தொடங்குவான். அம்மம்மா அவனைத் தூக்கிக்கொண்டு வேலியில்லாத முற்றத்தைக் கடந்து சித்தி வீட்டுக்குப் போவார். சித்தி தன் மகளை ஒரு பக்கமும் தம்பியை மறுபக்கமும் கிடத்திப் பால் கொடுப்பார். நான் வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா பின்னேரம் துறையில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வருவார், சட்டை முன்பக்கம் நனைந்திருக்கும். அது வாவித் தண்ணீர் இல்லை என்று விளங்க எனக்குப் பல வருடம் பிடித்தது.

பிறகு யுத்தம். இந்தக் கரை இராணுவத்திடம், அந்தக் கரை புலிகளிடம். துறையில் சோதனை முடிந்து பாதை எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. சில நாட்கள் அம்மா அந்தக் கரையிலேயே தங்கிவிட நேரும். அந்த இரவுகளில் அம்மம்மா, "கொம்மா வருவா, நீங்க சோத்தத் தின்னுங்க" என்று சொல்லி எங்களுக்குப் பிசைந்து ஊட்டுவார். தான் சாப்பிட மாட்டார்.

அம்மாவுக்கு இப்போது ஓய்வூதியம் வருகிறது. அம்மம்மாவுக்கு அப்படி ஒன்றும் வந்ததில்லை. விடியற்காலை உலை வைத்ததிலிருந்து இராக் கதவடைக்கும் வரை அவர் செய்த வேலைக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமிருக்கவில்லை. வீடு பெண்ணுக்கு என்ற வழக்கத்தை நான் பெருமையாகவே சொல்வேன். ஆனால் அந்த வீட்டின் வேலை முழுவதும் பெண்ணுக்கே என்பதும் அதோடு சேர்ந்தே வந்தது. அப்பா ஒருநாளும் உலை வைத்ததில்லை. துறைக்குச் சைக்கிளில் வந்து அம்மாவை ஏற்றிப் போவார். அதற்கே ஊரார் அவரைத் தங்கமான மனிதர் என்றார்கள்.

2014இல் ஜப்பானிய உதவியோடு மண்முனைப் பாலம் திறந்தார்கள். இப்போது அக்கரைக்கு ஆசிரியராகப் போவது என் கணவர். மோட்டார் சைக்கிளில் சில நிமிடத்தில் வாவியைக் கடந்துவிடுகிறார். நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன், எட்டரை முதல் நாலேகால் வரை. மகளுக்கு நாலு வயது. பாலர் பாடசாலை பன்னிரண்டு மணிக்கு விட்டுவிடும். கணவர் வீடு வர இரண்டேகால் ஆகும்.

இடையில் இருக்கும் அந்த இரண்டேகால் மணித்தியாலம்தான் எங்கள் வீட்டின் பெரிய கவலை. வளவு இருக்கிறது, ஆட்கள் இல்லை. சித்தி கனடாவில் மகளோடு. தங்கச்சி லண்டனில், அவளுக்குக் கட்டிய வீடு பக்கத்தில் பூட்டிக் கிடக்கிறது. மிஞ்சியிருப்பது அம்மாவும் அவருடைய வீங்கிய முழங்காலும். தன் தாய் தனக்குச் செய்ததைத் தானும் மகளுக்குச் செய்தாக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நிற்கிறார். எனக்கு அது பொறுக்கவில்லை.

சட்டமும் பிள்ளையைத் தாயின் பொறுப்பாகவே பார்க்கிறது. அரச ஊழியையான தாய்க்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள் பிரசவ லீவு உண்டு. பிறகு 84 நாள் அரைச் சம்பளம், அதன் பிறகு 84 நாள் சம்பளமில்லை. தகப்பனுக்கு மூன்றே நாள். 2013இல், வீட்டுப் பணிக்காக வெளிநாடு போகும் பெண்ணுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டுமென்றார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாமல் இருந்தது. 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ பிள்ளைகள் அம்மம்மா கையில் வளர்வது தாய் இப்படி வீட்டுப் பணிக்கு வெளிநாடு போனதால்தான். தகப்பன் வெளிநாடு போக அப்படியோர் அறிக்கை யாரும் கேட்டதில்லை. நாடு முழுவதும் உள்ள ஆசிரியர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் பெண்கள். அவர்கள் வகுப்பில் நிற்கும் நேரத்தில் அவர்களுடைய பிள்ளை எங்கே என்பது அரசாங்கத்தின் கேள்வியும்தான்.

எங்கள் வீட்டில் மதியச் சோறு இப்போது கணவர் கையால். முதல் நாள் அம்மா பதறிவிட்டார்.

"என்ன பிள்ளை இது, மருமகனக் குசினிக்குள்ள விட்டிருக்காய்? பாக்கிற சனம் என்ன சொல்லும்?"

"நீங்க இருங்க மாமி" என்றுவிட்டு அவர் இறால் உடைத்துக்கொண்டிருந்தார். முருங்கையிலைச் சுண்டலில் இன்னும் உப்புக் கூடுகிறது. மகளுக்கு அதுதான் பிடிக்கிறது.

போன மாதம் அலுவலகத்தில் நாங்கள் சில தாய்மார் சேர்ந்து ஒரு கடிதம் கொடுத்தோம். கீழ்மாடியில் பழைய கோப்புகள் அடைந்து கிடக்கும் அறையை ஒழித்துத் தாருங்கள், சம்பளம் கொடுத்து ஒரு பராமரிப்பாளரைப் போடுங்கள், பன்னிரண்டிலிருந்து நாலேகால் வரை பிள்ளைகள் அங்கே இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறோம். தகப்பன்மாரிடமும் கையெழுத்துக் கேட்டோம். முதலில் தயங்கினார்கள். பிறகு பாதிப்பேர் போட்டார்கள். மற்றவர்களிடம் இந்தக் கிழமை திரும்பவும் போகிறோம்.