கர்மேலுக்கு மறுநாள்

கேள்வி: எழுப்புதல் கூட்டத்தில் மூன்று நாளும் பரவசமாக இருந்தேன். வீடு திரும்பியதும் மனசு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஜெபிக்கவும் தோன்றவில்லை. என் விசுவாசம் போலியா?
– ஒரு வாசகி, நாசரேத்

பதில்: போலி என்றால் எலியாவையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும். கர்மேல் மலையில் பாகாலின் 450 தீர்க்கதரிசிகளைத் தனியாளாக எதிர்கொண்டவர். ஜெபித்து வானத்து அக்கினியை இறக்கியவர். அப்பேர்ப்பட்டவர், யேசபேல் ராணி ஆள் அனுப்பி மிரட்டியதும் பெயெர்செபாவுக்கு ஓட்டம் பிடித்தார். அதையும் தாண்டி வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்டார்.

நம்மூர்க்காரர் யாராவது ஆறுதல் சொல்லப் போயிருந்தால், மூன்று தலைப்பில் பிரசங்கமே செய்திருப்பார். கடவுள் அனுப்பிய தூதனோ தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான். எலியா சாப்பிட்டார், மறுபடியும் படுத்துவிட்டார். தூதன் கோபிக்கவில்லை, தட்டி எழுப்பி இரண்டாம் பந்தி பரிமாறினான்! அதற்குப் பிறகுதான் ஓரேபுக்கு 40 நாள் நடை. அங்கே பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எதிலும் கர்த்தர் இல்லை. அமர்ந்த மெல்லிய சத்தத்தில்தான் பேசினார். கர்மேலில் இறங்கிய அதே அக்கினியை எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது.

ஆகவே, நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நன்றாகத் தூங்குங்கள். ஜெபம் வராவிட்டால், வரவில்லை என்பதையே அவரிடம் சொல்லுங்கள். எலியாவின் புலம்பலும் ஜெபக் கணக்கில்தான் சேர்ந்தது. சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். தூதர்கள் சில சமயம் ஸ்டெதஸ்கோப்போடும் வருவார்கள்.