மலைக்குள் காந்தம், அடுப்படியில் கிரைண்டர்

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம் மலைக்குப் பேர் வாங்கித் தந்தது நியூட்ரினோ ஆய்வகத் திட்டம். நியூட்ரினோ துகளைப் பிடிக்க மலையைக் குடைந்து 50,000 டன் இரும்புக் காந்தத்தை உள்ளே வைக்க, 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்குத் தலையசைத்தது. காந்தம் இன்னும் வரவில்லை. வீடுகளுக்குக் கிரைண்டர் முந்திக்கொண்டது; 2011 செப்டம்பரிலேயே தமிழக அரசு அதை விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஆகவே இயற்பியலை அடுப்படியிலேயே பார்த்துவிடலாம்.

அம்மி நேர்கோட்டு ஆசாமி. முன்னே தள்ளு, பின்னே இழு. ஆட்டுக்கல் வட்டப் பிரியர்; ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை மாவைத் தள்ளிவிட வேண்டும். 1955-இல் கோயம்புத்தூர் சபாபதி இதைத் தலைகீழாக்கினார்: குழவியை ஓரிடத்தில் நிறுத்தி, கல்லைச் சுழலவிட்டார். இவ்வளவு காலம் இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். யோசிக்க நேரமிருந்தவர்கள் மாவாட்டவில்லை.

வட்டம் மோட்டாருக்குப் போனது. நேர்கோடு மட்டும் இடுப்புக்கே மிஞ்சியது. அரைத்து முடித்த கல் பாத்திரத்தை மாவோடு செங்குத்தாகத் தூக்க வேண்டுமே! அதற்குத்தான் டில்டிங் கிரைண்டர் வந்தது. சாய்த்தால் போதும், பாரத்தை அச்சு தாங்கிக்கொள்ளும். விலைதான் கொஞ்சம் கூட. அதனால் பல வீடுகளில் பழைய கிரைண்டரே ஓடுகிறது. உடல் நோகாத வடிவமைப்பு டி.வி. முன்னாலிருந்து குரலாக மட்டும் வருகிறது:

“இந்தா, இடுப்பப் பாத்துத் தூக்கு!”