தறி வீட்டில் இலக்கணம்

கேள்வி: வீட்டில் இரண்டு தறி போட்டு நெய்கிறோம். மகளையும் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். ஆங்கில இலக்கணத்துக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்?
– ஒரு வாசகி, ஆரணி

பதில்: எல்லோரும் ‘ரென் அண்ட் மார்ட்டின்’ என்பார்கள். அந்த ரென், 1924-ல் ‘போ ஜெஸ்ட்’ என்ற பாலைவனச் சாகச நாவல் எழுதியவர். சாகசத்தை அதிலேயே தீர்த்துவிட்டார் போலும். இலக்கணத்தில் ஒரு சொட்டு இல்லை! கொஞ்சம் வளர்ந்தபின் கொடுங்கள்.

இப்போதைக்குத் தமிழக அரசின் பாடநூல் போதும், இணையத்தில் இலவசம். மிச்சத்துக்குத் தறி இருக்கிறதே அம்மா! ஒரு நாடா ஓடினால் ‘ஷட்டில் ரன்ஸ்’. இரண்டு தறியிலும் ஓடினால் ‘ஷட்டில்ஸ் ரன்’. அந்த ‘எஸ்’ வினையை விட்டுப் பெயர்மேல் தாவுவதைப் பார்த்தீர்களா? இழை அறுந்தால் உடனே கண்டுபிடிக்கிற பிள்ளை, ‘எஸ்’ அறுந்தாலும் பிடித்துவிடுவாள். அப்பாவைத்தான் முதல் பெஞ்சில் உட்கார வைக்கவேண்டியிருக்கும்.