சும்மா வரும் ரொட்டி

கேள்வி: போர்ச்சுகீசிய உணவகத்துக்கு முதன்முதலாகப் போகும் தாம்பரத்துக்காரர் எதில் உஷாராக இருக்க வேண்டும்?

பதில்: கேட்காமலே மேஜைக்கு வரும் ரொட்டியில். லிஸ்பனின் சின்ன உணவகங்களில் உட்கார்ந்ததுமே ரொட்டி, வெண்ணெய், ஆலிவ் காய் எல்லாம் வந்துவிடும். 'கூவெர்' எனப்படும் இவை சட்னி, சாம்பார் மாதிரி இலவசமல்ல. தொட்டால் பில்லில் ஏறும். வேண்டாமென்றால் திருப்பி அனுப்பிவிடலாம்.

அடுத்து 'பக்கல்யாவ்'. உப்பிட்டு உலர்த்திய காட் மீன், அதாவது சீமைக் கருவாடு. தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, உப்பு இறங்கிய பிறகே அடுப்பேறும். உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டையோடு கிளறுவது பிரபலமான பக்குவம். தமிழ் நாக்குக்கு இதில் காரம் போதாது. மிளகாயை இந்தியாவுக்குக் கொண்டுவந்து இறக்கியவர்கள், தங்கள் சட்டியில் மட்டும் அளந்துதான் போட்டார்கள்! அவர்களுடைய பூண்டு, ஒயின் ஊறல் இறைச்சி, கோவாவில் மிளகாய் சேர்ந்து விண்டாலு ஆயிற்று.

தாம்பரம் மின்ரயில் வழியிலுள்ள பரங்கிமலை உச்சியில் 1523இல் தேவாலயம் கட்டியவர்களும் இவர்களே. பக்கத்திலேயே ஒரு சமையற்கட்டையும் விட்டுப்போகாதது மின்ரயில் பயணிகளின் துரதிர்ஷ்டம்.

கடைசியில் முட்டைக் கஸ்டர்டு நிரப்பிய 'நாட்டா'. லிஸ்பனின் பெலெம் பகுதியில் ஒரு கடை 1837 முதல் இதன் மூத்த வடிவத்தைச் சுட்டு விற்கிறது. மேலே பட்டைத்தூள் தூவி, சூடாகச் சாப்பிட வேண்டும்.