வைஃபை வாராமை இயல்

லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்ட மேசைக்கணினியில் வைஃபை வாராமை என்பது, அதே அறையில் கைப்பேசிக்குத் தடையின்றி வரும் அலை கணினிக்கு மட்டும் வாராதிருக்கும் நிலை எனக் கொள்ளப்படும். கைப்பேசிக்கும் வாராவிடின் அது கட்டணம் கட்டாமை என்னும் வேறோர் இயலுக்கு உரியது, ஈண்டு விரிக்கப்படவில்லை.

இத்துறையில் இரு மரபினர் உளர். எந்நோய்க்கும் ரவுட்டரை அணைத்து மீண்டும் இயக்குவோர் தொன்மையானவர். நூலறிவு வேண்டாத இம்முறை சிலபோது பலித்துவிடுவதால் அதை முற்றும் இகழ்வதற்கில்லை. பிந்தைய மரபினரோ முனையத்தைத் திறந்து, அதாவது கட்டளைகளை எழுத்தால் இடும் கறுப்புச் சாளரத்தைத் திறந்து, 'ஆர்எஃப்கில்' என்னும் கருவியிடம் தடை மென்தடையா வன்தடையா என வினவுவர். மென்தடை மென்பொருளால் விதிக்கப்பட்டது. ஒரு கட்டளையில் நீங்கும். வன்தடை பொத்தானாலோ பயாஸ் என்னும் தொடக்க நிரலின் அமைப்பாலோ விதிக்கப்பட்டது; எக்கட்டளைக்கும் இளகாது. எனினும் இளகாத தடையின்மேல் அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப இட்டுப் பார்த்தல் வழக்கில் உள்ளது.

வாராமையின் காரணங்களுள் தத்துவச் செறிவு மிக்கது ஃபர்ம்வேர் இன்மையே. ஃபர்ம்வேர் என்பது வைஃபை அட்டைக்குள் ஏற்றப்பட்டு அதன் சில்லை இயக்கும் நிரல். டிரைவர் கணினியின் பக்கம் நின்று வினவ, இது அட்டையின் பக்கம் நின்று விடை கூறும். உற்பத்தியாளர் பலர் அதன் மூலநிரலை வெளியிடாமையால், கட்டற்ற மென்பொருள் கொள்கையில் உறுதி பூண்ட டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கல் நெடுங்காலம் அதைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்காதிருந்து, 2022-இல் உறுப்பினரிடையே நடந்த வாக்கெடுப்புக்குப் பின், 2023-இல் வெளிவந்த 12-ஆம் பதிப்பிலேயே சேர்த்தது. அதுவரை, வைஃபை வர ஃபர்ம்வேரை இறக்க வேண்டும், ஃபர்ம்வேரை இறக்க வைஃபை வர வேண்டும் என்னும் சுழல், பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாற்போல் நிலவியது. ஃபர்ம்வேர் சேர்ந்த வட்டொன்று தனியே கிடைத்ததெனினும், அப்படி ஒன்று உண்டென அறிதற்கும் இணையம் வேண்டியிருந்தது. கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் பிணைத்து அதன் இணையத்தைக் கணினிக்கு ஊட்டும் டெதரிங் முறை இச்சுழலை அறுக்கும் என்பது உண்மையே. கம்பியிலா இணைப்பின் பொருட்டு வீடெங்கும் கம்பி தேட நேர்வதும் உடன் ஒப்புக்கொள்ளத்தக்கது.

ஏனைய காரணங்கள் சிறியன. ரவுட்டர் 13-ஆம் சேனலில் இயங்க, கணினியோ தான் அமெரிக்காவில் இருப்பதாகக் கருதிக்கொண்டால், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அங்கு வழங்குவன 11 சேனல்களே ஆதலின், அந்த வைஃபையின் பெயர் பட்டியலிலேயே தோன்றாது. கணினிக்கு அதன் நாட்டை உணர்த்தின் தோன்றும். யூஎஸ்பி 3.0 கருவிகள் எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் படிவதால், அத்தகைய வன்தட்டை ஒட்டிச் செருகிய வைஃபை டாங்கிள் செவிடாகும். நீட்டிப்புக் கம்பியால் அதைத் தள்ளி வைத்தல் பெரும்பாலும் போதும். ஆன்டெனாவைத் திருகாமல் அட்டைப்பெட்டியிலேயே விட்டவரைப் பற்றி ஒன்றும் கூறாது விடுதல் மரபு.

எஞ்சுவது, குணம் எதனால் வந்தது என்னும் வினா. டிரைவரைப் புதிதாக ஏற்றி, மின்சேமிப்பு அமைப்பை நீக்கி, ரவுட்டரையும் அணைத்து இயக்கியபின் வைஃபை வருமாயின், மூன்றனுள் எது காரணம் என்பது ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்கு மாற்றிப் பார்த்தாலன்றித் தெளியாது. வைஃபை வந்தபின் அந்நெறியைக் கைக்கொண்டார் இத்துறையில் இலர். ஆதலின் மூன்றுமே காரணம் எனத் துணியப்பட்டு, இயங்குதளத்தின் கருவாகிய கர்னலை அடுத்துப் புதுப்பிக்கும்போது, கையால் தொகுத்து ஏற்றிய டிரைவர் புதிய கர்னலுக்குப் பொருந்தாது ஒழிய, மூன்றும் அதே வரிசையில் மீண்டும் செய்யப்படுகின்றன.