அம்மன் யார் பக்கம்?

மேல்மலையனூர் அம்மன் கோயில் செஞ்சிச் சட்டமன்றத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்கு வரும் கூட்டத்தை எந்தக் கட்சியும் பிரியாணி போட்டுக்கூடத் திரட்ட முடியாது. ஆகவே தேர்தல் வந்தால் வேட்பாளர்களுக்குப் பக்தி பொங்கும். ஆளுங்கட்சிக்காரருக்கு ஒரு மாலை, ஒரு எலுமிச்சம்பழம். பின்னாலேயே வரும் எதிர்க்கட்சிக்காரருக்கும் அதே மாலை, அதே பழம். இருவருமே ‘அம்மா உத்தரவு கொடுத்துட்டா’ என்ற முகத்தோடு வெளியே வருவார்கள்.

வழிபாட்டிடம் தேர்தலில் பக்கம் சேரக் கூடாது என்று சட்டம் இல்லாமல் இல்லை. வரிவிலக்கு பெறும் தேவாலயம் வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1954இலேயே சட்டம் போட்டார்கள். 2025 ஜூலையில் அந்நாட்டு வரித் துறையே, தேவாலயங்கள் வழிபாட்டில் தம் சபையாரிடம் ஆதரவைச் சொன்னால் பரவாயில்லை என்று நீதிமன்றத்தில் இறங்கிவந்தது. நாம் அதைவிடக் கறார். கோயில், மசூதி, சர்ச், மடம் எதன் வளாகத்தில் அரசியல் நடத்தினாலும் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் ஜெயித்ததே செல்லாமல் போகலாம். 2017இல் உச்ச நீதிமன்றம் 4–3 என்ற கணக்கில் அதை இன்னும் இறுக்கியது.

அதனால் யாரும் வாய் திறப்பதில்லை. பொன்னாடை போர்த்துவார்கள், விபூதி பூசுவார்கள். மிச்சத்தைப் புகைப்படக்காரர் பார்த்துக்கொள்வார்.

வரிவிலக்கைப் பிடுங்குவோம் என்று மிரட்டிப் பார்க்கலாமே என்பீர்கள். மத அறக்கட்டளைக்கும் விலக்கு உண்டு, பதிவு பெற்ற கட்சிக்கும் விலக்கு உண்டு. வரி கட்டுவது, தர்ம தரிசன வரிசையில் நிற்கும் நீங்கள்தான்.